புள்ளிக் கோட்டுப் பெட்டி

எந்தக் காரியமானாலும் செந்தூர்பாண்டிக்கு முதலில் பெட்டி வரைந்தாக வேண்டும். கல்யாணமான மறு வாரமே சுடலைவடிவு இதைக் கவனித்துவிட்டாள். அவளுடைய அம்மா வீட்டுக்குப் பயணம் என்றால் ஒரு பெட்டிக்குள் ‘வீடு’ என்று எழுதுவார். அடுத்த பெட்டிக்குள் ‘பஸ் ஸ்டாண்டு’, மூன்றாவதில் ‘திசையன்விளை’. நடுவில் அம்புக்குறிகள். காகிதம் இல்லாவிட்டால் சாப்பிட்ட இலையிலேயே குழம்பைத் தொட்டு வரைந்துவிடுவார். மகள் பிரியதர்ஷினி பிறந்த அன்று ஆஸ்பத்திரிச் சீட்டின் முதுகில்கூட நாலு பெட்டி இருந்தது. வரைந்த காகிதத்தை அவர் எறிவதில்லை, மறந்துவிட்டுப் போய்விடுவார். அவளும் எட்டு வருஷமாக ஒன்றையும் எறியவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்திருந்தாள். ஆசையினால் அல்ல. எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

செந்தூர்பாண்டி பிறந்தது ராதாபுரத்துக்குத் தெற்கே, பனையும் உடைமரமும் தவிர வேறொன்றும் முளைக்காத ஓர் ஊரில். அப்பா கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். மகன் பாளையங்கோட்டையில் தங்கிப் படித்து, கம்ப்யூட்டர் படிப்பும் முடித்து, வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் இருந்த கம்பெனியில் சேர்ந்தார். கடைகளுக்கும் மில்களுக்கும் கம்ப்யூட்டரில் வேலை நடக்க ஏற்பாடு செய்து தரும் கம்பெனி அது. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏ.சி. போட்டிருப்பார்கள். இவர் சட்டைக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“அங்கன உங்களுக்கு என்ன வேலை?” என்று ஒருநாள் கேட்டாள்.

“வீடு கட்டுததுக்கு முன்னால பிளான் போடுவாகள்லா, அது கணக்காத்தான். கல்லு வைக்கது மத்தவங்க. எங்கன விரிசல் விழும்னு முன்கூட்டியே நினைக்கது நான். சந்தேகப்படத்தான் வடிவு எனக்குச் சம்பளம் தாராங்க.”

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய நாளிலிருந்து அவள் அந்த வேலையைத்தான் செய்துவருகிறாள். நாலு பேர் நடுவில் அவளுக்கு வாய் திறக்க வராது. கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். யார் முகம் எப்போது மாறியது, யார் கை எதை மறைத்தது, எல்லாம் தெரியும். அதற்குச் சம்பளம் உண்டென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

அவர் வேலைக் கதைகளைச் சாப்பிடும்போது சொல்வார். திசையன்விளையில் ஜவுளிக்கடை வைத்திருந்த தில்லைநாயகம் அண்ணாச்சிக்குப் பில் போட ஏற்பாடு செய்து கொடுத்த கதையை மட்டும் பத்துத் தடவை சொல்லியிருப்பார். தெரிந்தவர் வந்தால் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுப்பது அந்தக் கடை வழக்கம். அதற்கும் கம்ப்யூட்டரில் ஒரு வழி வேண்டும் என்றார் அண்ணாச்சி. இவர் ஒரு பெட்டி போட்டார். பில் போடும்போது ‘வந்தவர் தெரிந்தவரா? ஆம், இல்லை’ என்று திரையில் கேள்வி வரும். திரை இருந்ததோ வந்தவரைப் பார்த்து. முதல் நாளே அண்ணாச்சியின் சொந்த மச்சினர் வேட்டி எடுக்க வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் அவர் கண்ணெதிரே ‘இல்லை’ என்று தட்டினாள். மச்சினர் வேட்டியைப் போட்டுவிட்டு எழுந்து போனவர்தான்.

“கரண்டு போனா என்ன செய்யணும், எலி வயரைக் கடிச்சா என்ன செய்யணும், எல்லாம் யோசிச்சேன். மச்சினனை யோசிக்கலை பாத்துக்கோ” என்று சொல்லி அவரே சிரிப்பார். அவளும் சிரிப்பாள். மனதுக்குள், திரையை யார் அந்தப் பக்கம் திருப்பி வைத்தது என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லி கம்பெனியில் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் இவருடைய பெட்டிகள். ஒரு பெட்டியைச் சுற்றி மட்டும் சிவப்பு வளையம் இருந்தது. பக்கத்தில் புள்ளி புள்ளியாக இன்னொரு பெட்டி.

“அது என்ன சிவப்பா?” என்று மெல்லக் கேட்டாள்.

“அது ஒண்ணு படுத்துட்டா மொத்தமும் படுத்துரும். அதான் பக்கத்துல இன்னொண்ணு கொண்டாந்து வைக்கப் போறோம். புள்ளி வச்சிருந்தா, அது இன்னும் வரலைன்னு அர்த்தம்.”

அங்கே இன்னொன்றும் பார்த்தாள். சிவசண்முகம் என்பவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று, அவர் பக்கத்தில் ஓர் ஆள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பூஜை நாளன்றும் எழுத்து நிற்கவில்லை. பதினைந்து நாள் உட்கார வைத்து, அவருக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதி வாங்கிக்கொண்டுதான் விடுவார்களாம். அதே போல எழுதி வாங்கினார்கள். எழுதி முடிந்த மறுநாள் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கையில் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்களாம்.

தீபாவளி கழிந்த கையோடு வடிவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. மூன்று வாரம் பாயை விட்டு எழவில்லை. கீழாநெல்லியும் உப்பில்லாக் கஞ்சியுமாகக் கிடந்து எழுந்தபோது, வளையல் முழங்கைவரை ஏறியது. கண்ணாடியில் பார்த்தால் யாரோ போல இருந்தது.

மார்கழி பிறந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, செந்தூர்பாண்டி புது நோட்டு ஒன்றோடு அடுக்களைக்குள் வந்து பலகை போட்டு உட்கார்ந்தார்.

“வடிவு, ரசம் எப்படி வைக்கணும்? பைய சொல்லு, எழுதிக்கிடுதேன்.”

அவள் கை அப்படியே நின்றது. எட்டு வருஷத்தில் ரசம் எந்தப் பாத்திரத்தில் கொதிக்கிறது என்றுகூட அவர் பார்த்ததில்லை. அன்று ரசம். மறுநாள், ஆத்துத் தண்ணீர் குழாயில் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். அதற்கடுத்த நாள் கேஸ் சிலிண்டருக்குப் பதியும் நம்பர். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து எத்தனை மில்லி, பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சீருடை என்றைக்கு, எந்த மளிகைச் சாமான் எந்த டப்பாவில். கேட்டதையெல்லாம் நம்பர் போட்டு எழுதினார்.

பக்கத்து வீட்டு ஆபிதா பீவியிடம் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னாள். பீவியின் வீட்டுக்காரர் பீர் முகம்மது சவுதியில் இருந்தார். ஆண்களைப் பற்றி பீவிக்கு அனுபவம் உண்டு, அதுவும் தூரத்திலிருந்து.

“ஏளா, ஆம்பளை அடுக்களைக்குள்ள வந்தா சும்மா வரமாட்டாக” என்றாள் பீவி. “எங்க வூட்டுக்காரவுக சவுதிக்குப் போறதுக்கு முன்னால இப்படித்தான் சோறு ஆக்கப் படிச்சாக. உங்க வூட்டுல எங்கயும் போற பேச்சு உண்டுமா?”

“இல்லைக்கா.”

“அப்ப வாற பேச்சுதான்” என்று சொல்லிவிட்டு, பீவி பால் பொங்குகிறதென்று உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் அந்தக் காகிதம் அகப்பட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதுகு. பென்சிலால் வரைந்த பெட்டிகள். ‘பள்ளிக்கூடம்’, ‘பால்’, ‘தண்ணீர்’, ‘மருந்து’, ‘சாப்பாடு’, எல்லாவற்றிலிருந்தும் அம்புகள் வந்து நடுவில் ஒரு பெட்டியில் முடிந்தன. அதற்குள் ‘வடிவு’ என்று எழுதியிருந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு வளையம். பக்கத்தில், புள்ளி புள்ளியாக, உள்ளே பெயர் எதுவும் இல்லாத இன்னொரு பெட்டி.

சுடலைவடிவு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படுத்துவிட்டது ஒன்று. பக்கத்தில் இன்னொன்று வரப்போகிறது, இன்னும் வரவில்லை. எழுதி வாங்கும் வேலையும் நடக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க எட்டாம் வகுப்பே அதிகம்.

அழவில்லை. சண்டை போடவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் நோட்டோடு உட்கார்ந்தபோது, முன்பு எழுதிய ரசத்தில் புளி நெல்லிக்காய் அளவு இல்லை, மாங்காய் அளவு என்று மாற்றிச் சொன்னாள். எழுதி வைத்த சிலிண்டர் நம்பர் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டதற்கு, கடைசி இரண்டு எண்ணையும் இடம் மாற்றித் திருத்தினாள். பிரியதர்ஷினிக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர் என்றாள். அந்தப் பிள்ளை கத்திரிக்காயைக் கண்டாலே வாயை மூடிக்கொள்ளும். வரப்போகிறவள் யாராக இருந்தாலும், இந்த நோட்டை வைத்துக்கொண்டு இந்த வீட்டில் ஒரு வாரம் நிற்கக் கூடாது.

இடையில் அவரையும் விடாமல் கவனித்தாள். சட்டைப் பையில் பஸ் டிக்கெட் எந்த ஊர் வழி என்று பார்த்தாள். எண்ணெய் தேய்க்கிற அளவு கூடியிருக்கிறதா, தலைவாருகிற நேரம் கூடியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் கூடவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் அவர் கையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்தார். பிரியதர்ஷினி ஓடிப்போய்ப் பிரித்தாள். சுவர்க் கடிகாரம்.

சிவசண்முகத்தை அனுப்பிவைத்ததும் இப்படி ஒன்றைக் கொடுத்துத்தான். வடிவு அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து, நறுக்கின வெண்டைக்காயையே மறுபடியும் நறுக்கினாள்.

அவர் பின்னாலேயே நோட்டோடு வந்தார்.

“வடிவு, நீ சொன்னதுல ஒம்பது தப்பு இருக்கு.”

அவள் அடுத்த வெண்டைக்காயை எடுத்தாள்.

“கேஸ் கம்பெனியில போயிக் கேட்டா, அந்த நம்பர் வீரவநல்லூருல யாரோ ஒரு வாத்தியாருதுங்காங்க. கத்திரிக்காயைச் சொன்னா புள்ள அழுது. மறந்து சொன்னியா, வேணும்னு சொன்னியா?”

“வேணும்னுதான்.”

“எதுக்குட்டி?”

“பக்கத்துல யாரைக் கொண்டாந்து வைக்கப் போறீக?”

“எந்தப் பக்கத்துல?”

அவள் எழுந்து போய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்த பையை எடுத்து வந்தாள். கல்யாணப் பத்திரிகையை அவர் முன்னால் வைத்து, புள்ளிப் பெட்டியின்மேல் விரலை வைத்தாள். கல்யாணமானதிலிருந்து அவரிடம் இவ்வளவு நேராக எதையும் கேட்டதில்லை. விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.

செந்தூர்பாண்டி காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு அந்தப் பையில் இருந்த எட்டு வருஷக் காகிதங்களையும் பார்த்தார். சிரித்துவிடக் கூடாதென்று கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

“ரெண்டாவது ஒருத்தியா? ஒருத்திகிட்டயே ஒம்பது தப்பு வாங்கிட்டு நிக்கேன்” என்றவர், அவள் முகம் மாறாததைக் கண்டு குரலைத் தாழ்த்தினார். “நீ படுத்திருந்தப்ப புள்ள ரெண்டு நாள் காலையில சாப்பிடாமலே பள்ளிக்கூடம் போயிருக்கா. எனக்குத் தெரியலை. உனக்கு ஒரு கஞ்சி வைக்கத் தெரியாம பீவியக்கா வாசல்ல போய்க் கிண்ணத்தோட நின்னேன். ஊரு பூரா கடையில எது படுத்தா எது ஓடும்னு பிளான் போட்டுக் கொடுக்கேன். என் வீட்டுல ஒரு ஆளு படுத்தா மொத்தமும் நிக்கி. அந்தப் பெட்டி நாந்தான் வடிவு.”

பென்சிலை எடுத்துப் புள்ளிப் பெட்டிக்குள் ‘பாண்டி’ என்று எழுதினார்.

“இப்பதான எழுதுதீக” என்றாள் அவள்.

“ஆமா.”

“முன்னயே ஏன் எழுதலை?”

“ஓட்டிப் பாத்துச் சரியா வந்தாத்தான் பேரு எழுதுவோம். தேறாததுக்கு எழுதமாட்டோம்.”

“அப்ப இப்ப மட்டும் தேறிட்டீகளா?”

அவர் “அதுவும் சரிதான்” என்று சொல்லி, மகளின் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்து எழுதினதை அழித்தார். பொய் சொல்லுகிறவர் அழித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. முழுதாகத் தோன்றவில்லை, பாதிதான்.

“கடிகாரம்?”

“மில்லுக்காரரு ஒருத்தரு பொங்கலுக்கு எல்லாருக்கும் கொடுத்தாரு. ஏன், கடிகாரத்துக்கு என்ன?”

“ஒண்ணுமில்லை.”

தை ஒன்பதாம் தேதி, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, மூன்று நாள் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திசையன்விளைக்கு பஸ் ஏறினாள். இரண்டாம் நாள் மத்தியானமே சொல்லாமல் திரும்பி வந்தாள். தன் வீட்டுக்குப் போகாமல் பீவி வீட்டுக்குள் நுழைந்து, பின்பக்கச் சுவர் ஓரமாக நின்று பார்த்தாள்.

பின்வாசலில் இரண்டே ஜோடிச் செருப்பு. கழுவிக் கவிழ்த்ததில் இரண்டே தட்டு, இரண்டே டம்ளர். அவர் லீவு போட்டுவிட்டுக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உருப்படி எல்லாம் உள்பக்கம் வெளியே தெரியத் தொங்கின. சனிக்கிழமையானதால் பிரியதர்ஷினி வீட்டில் இருந்தாள். அவளுடைய இரட்டைச் சடையில் ஒன்று காதுக்கு மேலேயும் ஒன்று பிடரியிலும் இருந்தது. ஆனால் அடுக்களையிலிருந்து வந்த ரசத்தின் வாசனை சரியாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. நோட்டில் எதையும் அவள் இன்னும் திருத்திக் கொடுக்கவில்லை, மாங்காய் அளவுப் புளியில் இந்த வாசனை வராது.

“யாருக்கா சொல்லிக் கொடுத்தது?” என்றாள்.

“நான்தாம்ளா. நேத்து சுவத்துக்கு அங்கிட்டு நின்னு கேட்டாக, இங்கிட்டு நின்னு சொன்னேன்” என்றாள் பீவி. “ஒரு ஆளு சொன்னா நம்பமாட்டாகளாம். உனக்கேத்த மாப்புளதான்.”

வடிவு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

“நாளைக்குத்தான வாறேன்னே?” என்றார் அவர்.

“பஸ் கெடைச்சுது.”

“எவ்வளவு நேரமா பீவியக்கா வீட்டுல நிக்க?”

அவள் மகளைப் பிடித்து உட்கார வைத்துச் சடையை அவிழ்த்தாள்.

“எங்க கம்பெனியில சிவசண்முகம் இடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. வாறியா?” என்றார். “இந்தச் சந்தேகத்துக்கு உள்ள சம்பளத்தை வாங்கிரலாம்.”

“ஏ.சி. எனக்கு ஆகாது.”

இப்போது தொண்ணூற்றொன்பது ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை ரசம் அவருடையது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கடிகாரம் அடுக்களை வாசலுக்கு மேலே ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கி, உள்ளே அவர் பெயரைப் பேனாவால் எழுதியது வடிவுதான். நோட்டில் இருந்த ஒன்பது தப்பில் எட்டைத் திருத்திக் கொடுத்துவிட்டாள். ஒன்றை இன்னும் திருத்தவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று.