பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இருந்த வெளிச்சம்

பேய், செய்வினை எதையும் நான் நம்பியவள் இல்லை, இன்றைக்கும் இல்லை, இயற்பியல் படித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி லேபில் துணியின் தரம் பார்க்கிறவள் நான், இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், நடந்தது நடந்ததுதான்.

2008, நேரம் காலமில்லாமல் கரண்ட் போன வருஷம். எங்கள் தையல் செக்‌ஷனில் இருந்த தூத்துக்குடித் தம்பதியின் மகள் ஸ்டெல்லா கோயமுத்தூரில் ஆராய்ச்சி மாணவி. ஒரே ஒரு அணு கனமுள்ள கரித்தகட்டில் விழுகிற வெளிச்சம் எங்கே வீணாகிறது, அதை எப்படிப் பிடித்து வைப்பது, இதுதான் அவள் ஆராய்ச்சி. மறுநாள் கமிட்டிக்கு ஒரு தகடாவது காட்டாவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும், கல்லூரி மைக்ராஸ்கோப்போ ரிப்பேர். ஞாயிறு மத்தியானம் என்னிடம் ஓடி வந்தாள், நூல் பார்க்கும் எங்கள் மைக்ராஸ்கோப்பைக் கொடுத்தேன்.

பென்சில் கரியை செலோடேப்பில் ஒட்டி, உரித்து உரித்து, சிலிக்கான் சில்லில் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எத்தனையாவது சில்லோ, “அக்கா, கெடச்சிட்டு! வந்து பாருங்க!” என்று கத்தினாள். லென்ஸுக்குள் ஊதாவாகத் தெரிந்த சில்லின் மேல் ஒரு மெல்லிய நிழல், அவ்வளவுதான், கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் குதித்தோம். அவள் மறுபடி லென்ஸில் குனிந்தபோது கரண்ட் போனது. துணியின் நிறம் ஒப்பிடும் அறை அது, ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு.

“கரண்ட் போயிருச்சு கண்ணு, எந்திரி.”

“போவலியே அக்கா, எரியுதே!”

நான் குனிந்து பார்த்தேன். சுற்றிலும் கறுப்பு, அந்தத் தகடு மட்டும் பளீரென்று இருந்தது. பிளக்கையே பிடுங்கினேன், அப்படியே இருந்தது. மைக்ராஸ்கோப் விளக்கை உள்ளங்கையால் மூடினேன், தகடு அணைந்தது. கையை எடுத்தேன், எரிந்தது. நம்பினால் நம்புங்கள், எரியாத விளக்கு அது!

“வந்த வெளிச்சம் துளிகூட வீணாகல அக்கா!” ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே அழுதாள்.

“அப்படீன்னா நான் விளக்கை மூடுனா எதுக்குக் கண்ணு அணையுது?”

அவள் மறுபடி லென்ஸில் குனிந்துகொண்டாள். பத்து நிமிஷத்தில் கரண்ட் வந்தது, பிளக்கைச் சொருகிப் பார்த்தால் பழைய நிழல்தான்.

கமிட்டியில் உதவித்தொகை தொடர்ந்தது. அப்புறம் எத்தனையோ தகடு உரித்தாள், ஒன்றும் அப்படி எரியவில்லை. ஆறு மாதம் கழித்து போன் செய்தாள்.

“அன்னைக்கு எரிஞ்ச அந்தத் தகட்ட இப்பத்தான் அளந்தேன் அக்கா. நான் வெளக்கு சுவிட்ச் போடுததுக்கு மூணு செகண்டு முன்னாடியே அதுல வெளிச்சம் வருது. இன்னைக்குப் போடவே கூடாதுன்னு கையக் கட்டிட்டு உக்காந்துட்டேன்.”

“வரலையா?”

“வந்துச்சு. மூணு செகண்டு கழிச்சு, சுவிட்சு தானா விழுந்து வெளக்கு எரிஞ்சுச்சு.”

இதைச் சொன்னபோது அவள் குரலில் பயமே இல்லை, அத்தனை சந்தோஷம். அதுதான் இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.