மாமா லேப்டாப்பில் எனக்கொரு பங்கு

நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் லேப்டாப் வைத்திருந்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டினார். போடிமெட்டு இறங்கிப் போய்ப் போடியில் வாங்கி வந்த லேப்டாப் அது. வீட்டில் வேறு யாரையும் தொட விடமாட்டார், என்னைத் தவிர.

எங்கள் கேரளப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ்தான். மாமாவிடம் இருந்ததோ விண்டோஸ். செய்முறைத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், பள்ளியில் படித்தது ஒன்றுமே இதில் இல்லையே என்று நான் மூக்கைச் சிந்தினேன். மாமா உடனே காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தமிழ்நாட்டில் வாங்கியது கேரளத்தில் ஒத்துவராதாம். ஜீப்புக்கு மாற்றியதைப் போல இதற்கும் பதிவை மாற்ற வேண்டுமாம்! அதற்கு எந்த ஆபீசுக்குப் போவது என்று நேரே பள்ளிக்கே வந்து டீச்சரிடம் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரே லேப்டாப்பில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், திறக்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று விளக்கினார். பென்டிரைவில் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார். முப்பது ஜிபி இடம் மட்டும் காலியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் உட்கார்ந்தோம். காலி இடமா? மூச்சுவிடக்கூட இல்லை. மாமா தன் சினிமாக்களை ஒவ்வொன்றாக அழித்தார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருமூச்சு. பாட்டுகளும் போயின. அப்படியும் இன்னும் ஆறு ஜிபி தேவைப்பட்டது. மிச்சம் ஒரே ஒரு ஃபோல்டர்.

"இம்புட்டுப் போதாதா புள்ள?"

"போதாது மாமா. அப்ப நான் பெயிலாப் போறேன், விடுங்க."

மாமா அந்த ஃபோல்டரைத் திறந்தார். போட்டோக்கள், வீடியோக்கள். எல்லாவற்றிலும் ஒரே அக்கா. ஜீப்பின் முன் சீட்டில், தேயிலைக்கு நடுவில், மழையில் குடையோடு.

"இந்த டூரிஸ்ட் அக்கா எத்தன தடவ மாமா வந்திருக்காங்க!"

"வந்துச்சு, நெறய தடவ. இனிமே வராது."

இன்னொரு பென்டிரைவ் வாங்கி அதில் போட்டு வைக்கலாமே என்றேன். மாமா லேப்டாப்பை என் பக்கம் தள்ளினார்.

"வேணாம் புள்ள. நீயே அழிச்சிரு."

எழுந்து போய் வாசலில் ஜீப்பைத் துடைக்கத் தொடங்கினார். அதைக் காலையில்தான் கழுவியிருந்தார். நான் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, அழித்தவை போய்ச் சேரும் குப்பைத்தொட்டியையும் மறக்காமல் காலி செய்தேன். முப்பத்திரண்டு ஜிபி! வாசலுக்கு ஓடினேன்.

"மாமா, எடம் கெடச்சிருச்சு! ரெண்டு ஜிபி மிச்சம்கூட இருக்கு!"

"நல்லாப் படி, என்ன?" என்றார், திரும்பாமலே.

நான் இவ்வளவு குதிக்கிறேன், இந்த மனிதர் ஒரு வார்த்தை சந்தோஷப்படாமல் அந்த ஜீப் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. அன்று முழுக்க மாமாவோடு நான் பேசவில்லை.