ஒரு சட்டை தேய்க்கும் நேரம்

எங்கள் ஆம்புலன்ஸ் ஆளை ஏற்றாமலே திரும்புவது ஒன்றும் அதிசயமில்லை. சர்க்கரை இறங்கித் தள்ளாடியவர் குளுக்கோஸ் குடித்ததும் தெளிந்து, எங்களுக்கே நாற்காலி எடுத்துப் போடுவார். கட்டிலிலிருந்து வழுக்கி விழுந்த அம்மாவுக்குத் தூக்கி உட்கார வைக்க இரண்டு கை கிடைத்தால் போதும். சிலருக்கு உண்மையிலேயே உடம்பு சரியிருக்காது, ஆனாலும் ஆஸ்பத்திரி என்றாலே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போக முடியுமா? 'என் சொந்த விருப்பத்தில்தான் வர மறுக்கிறேன்' என்று தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மற்ற வண்டிக்காரர்களுக்கு இது பத்து நிமிட வேலை. எங்கள் அக்காவுக்கு முக்கால் மணி நேரம்.

நான் ஓட்டுநர். அக்கா நோயாளியைக் கவனிப்பவர். ஒன்பது வருடமாக ஒரே வண்டி. முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை 'உடும்பு' என்பார்கள், பிடித்தால் விடமாட்டார் என்று. கையெழுத்து வாங்கிய பிறகும் நகர மாட்டார். "நாங்க போனதும் என்ன செய்வீங்க?" என்று கேட்பார். குளிக்கப் போகிறேன் என்றால் குளியலறை வரை நடந்து காட்ட வேண்டும். மாடியில் துணி எடுக்கப் போகிறேன் என்றால் மாடி ஏற வேண்டும். தூங்கப் போகிறேன் என்று தெரியாத்தனமாகச் சொன்ன ஒருவர் பக்கத்தில், அவர் குறட்டை விடும் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இந்தப் பழக்கம் உங்களுக்கு எங்கேருந்துக்கா வந்து தொலைச்சுது?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"எல்லாம் எங்க வீட்டுக்காரராலதான்டா. உடம்பு அனலாக் கொதிக்கும், எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ம்பாரு. சரி, இந்தக் குடத்தைத் தூக்குங்கன்னா குட்டு உடைஞ்சிடும். பதினெட்டு வருஷம் அந்த மனுஷனோட குப்பை கொட்டினதுல கத்துக்கிட்ட வைத்தியம் இது."

தலைமை அலுவலகத்துக்கு இந்த வைத்தியம் பிடிக்கவில்லை. ஏற்றாத ஆளுக்கு இவ்வளவு நேரமா என்று கேட்டார்கள். அக்காவை வண்டியிலிருந்து இறக்கித் தொலைபேசி அறையில் உட்கார வைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அதை முடிவு செய்ய ஓர் அதிகாரி, கையில் கடிகாரமும் மடியில் கோப்புமாக, ஒரு நாள் எங்கள் வண்டியில் ஏறினார். அக்கா முகத்தில் ஈயாடவில்லை. "ஃபோன்ல எப்படிடா ஆளைப் பாக்கிறது?" என்று என் காதோடு சொன்னார்.

பதினொரு மணிக்கு ஓர் இஸ்திரிக் கடையிலிருந்து அழைப்பு. கடைக்காரர் திடீரென்று தலைசுற்றிச் சுவரோடு சாய்ந்துவிட்டார் என்று அவர் மனைவி பதறியிருந்தார். நாங்கள் போனபோது மனிதர் எழுந்து நின்று இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை, நாடி எதிலும் குறையில்லை. அக்கா சிரிக்கச் சொன்னார், சிரித்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், தூக்கினார். கிழமை கேட்டதற்குத் தேதியையும் சேர்த்துச் சொன்னார்.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் பதட்டம். ஸ்கூல் சட்டை நாற்பது கிடக்குது, நீங்க கிளம்புங்கம்மா" என்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"பன்னிரண்டு நிமிஷம். கிளம்பலாமே" என்றார் அதிகாரி.

அக்கா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாங்க போனதும் என்ன செய்வீங்கண்ணே?"

"இதென்ன கேள்வி? தேய்ப்பேன்."

"ஒரே ஒரு சட்டை தேய்ங்க. பாத்துட்டுப் போயிடுறேன்."

"மேடம், இதைத்தான் நான் சொல்றேன்" என்று அதிகாரி கோப்பைத் திறந்து எழுத ஆரம்பித்தார். போச்சுடா, இன்றோடு சரி என்று நினைத்தேன். அக்கா மீது எனக்கே கோபம் வந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது சும்மா இருந்து தொலைத்தால் என்ன?

கடைக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையை விரித்தார். காலர், முன்பக்கம், கை என்று பெட்டி பறந்தது. மடிப்பு கத்தி மாதிரி விழுந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "முடிஞ்சுது. திருப்திதானே?" என்றார்.

அவருக்கு இடப்பக்கமாகக் கிடந்த பாதிச் சட்டை கசங்கியது கசங்கியபடியே இருந்தது. பெட்டி அந்தப் பக்கம் போகவே இல்லை.

"இந்தக் கை அப்படியே இருக்குதேங்க!" என்றார் மனைவி.

"எந்தக் கை? எல்லாம் தேய்ச்சாச்சுடி" என்று எரிந்து விழுந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே தெரியவில்லை.

அக்கா வாதாடவில்லை. சட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மேசைமேலேயே அரை வட்டம் சுற்றினார். கசங்கிய பாதி கடைக்காரருடைய வலப்பக்கம் வந்தது. மனிதர் துள்ளிவிட்டார்.

"அடப்பாவி! எவன் தேய்ச்சான் இதை?"

"நீங்கதாண்ணே. இப்பதான்."

அவர் சட்டையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். "மூளைக்குப் போற ரத்தம் எங்கேயோ அடைச்சிருக்கும் போல. உங்க இடப்பக்கம் உங்களுக்கே தெரியல. இப்பவே போனா காப்பாத்திடலாம்" என்றார் அக்கா. கடைக்காரர் மேசையை விட்டு விலகி வந்தார். "போலாம்மா" என்றார். மனைவி ஓடிப்போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

அன்று நான் ஓட்டியது போல் என்றும் ஓட்டியதில்லை. அதிகாரியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ஸ்கேன் அறையைத் தயாராக வைக்கச் சொல்லிக் கத்தினார். அடைப்புதான். மருந்து ஏற்றினார்கள். "சாயங்காலம் வந்திருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார் டாக்டர்.

நாலு மணிக்கு, வேறொரு நோயாளியைக் கொண்டுவந்து விட்டபோது எட்டிப் பார்த்தோம். மனைவி அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் அவருக்கு இடது பக்கமாப் போய் நின்னேங்க. சத்தமே போடல. அவரா திரும்பிப் பாத்து, ஏன்டி அழறேன்னு கேட்டுட்டாரு!"

அக்கா அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் சிரிக்கிறார்களா அழுகிறார்களா என்றே தெரியவில்லை. அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"ஃபோன் ரூமுக்கு வேற யாரையாவது பாத்துக்கிறோம், மேடம். அடுத்த வாரத்துலேருந்து ஒவ்வொரு வண்டி ஆளும் உங்களோட ஒரு நாள் வரணும். நீங்க செய்யறதைப் பாத்துக் கத்துக்கணும்."

நான் அந்த வராந்தாவிலேயே விசில் அடித்தேன். நர்ஸ் வந்து கன்னாபின்னாவென்று திட்டினார். திட்டட்டுமே, எங்கள் அக்கா ஜெயித்துவிட்டார்!