முதல் பெயர் இல்லாத காகிதம்

காலை ஐந்தே முக்காலுக்குக் கேஜிஎஃப் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ரயில் ஏறினேன். ஒயிட்ஃபீல்டுக்கு டிக்கெட் இருபது ரூபாய். பலகையில் ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டி நானே படித்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கூட என் மகள் ஸ்டெல்லா. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் ஒன்பது வருடமாக வேலை. எதிரில் நேபாளத்துப் பெண் மாயா, மடியில் துணிப்பையோடு.

போன வாரம் சங்கம் வைக்க அனுமதி கேட்டு, இவர்கள் இருவரையும் சேர்த்து அந்தக் கம்பெனிப் பெண்கள் பன்னிரண்டு பேர் மனு எழுதினார்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளை என்று மரியாதைக்குப் பேனாவை முதலில் மாயாவிடம் கொடுத்தவள் ஸ்டெல்லாதான். மேலே இருந்த பெயரைப் பார்த்து, அவள்தான் தூண்டிவிட்டாள் என்று அவளை மட்டும் வேலையிலிருந்தும் கம்பெனி வளாக விடுதியிலிருந்தும் வெளியேற்றிவிட்டார்கள். அவளுடைய நாட்டு அடையாள அட்டை இன்னும் விடுதி அலமாரியில் இருக்கிறது. மூன்று நாளாக எங்கள் வீட்டில் சாப்பிடுகிறாள், தூங்குவதில்லை. அவளைத் திரும்ப எடுக்கச் சொல்லி இன்று மறு மனு.

ஆறரைக்குப் பங்காருப்பேட்டை. மற்ற பத்துப் பேரும் எங்கள் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். காகிதம் கை மாறிக்கொண்டே இருந்தது. ஒருத்தியும் எழுதவில்லை.

"நீ போடுடி, பின்னால நான் போடறேன்."

"உன் வூட்ல ரெண்டு சம்பளம். என் வூட்ல நான் ஒருத்திதான்."

ஸ்டெல்லா பேனாவைத் திறந்தாள். "நானே மொதல்ல போடறேன்."

"இரு" என்றேன். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் இருந்தபோது மனு எழுதினால், சாப்பாட்டு டப்பா மூடியைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டு, சுற்றிப் பெயர் எழுதுவார்கள். மேலே கீழே கிடையாது. டிபன் மூடியால் நானும் ஒரு வட்டம் போட்டேன். ஸ்டெல்லா எழுதினாள், பிறகு பக்கத்தில் இருந்தவள். மாலூர் வருவதற்குள் எட்டுப் பெயர்.

மாலூரில் அவர்களுடைய சூப்பர்வைசரே ஏறினார். டிபனைக் காகிதத்தின் மேல் வைத்து இட்லியைப் பிட்டேன்.

"ஏனு அஜ்ஜி, எங்க போறீங்க?"

"பொண்ணு வேல செய்ற எடத்தப் பாக்க. இட்லி துன்றியா?"

"கேஜிஎஃப் இட்லியா? பல்லு போயிடும்." யாரும் சிரிக்கவில்லை. அவர் மாயாவைப் பார்த்தார். "இவ இன்னாத்துக்கு?"

"எனக்கு வழி தெரியாது. தொணைக்கு வரா."

அவர் நகரவே இல்லை. கடைசியில் போன் வந்து வாசல் பக்கம் போனார். மீதி மூன்று பேரும் வண்டி ஆட்டத்தில் கோணல்மாணலாக எழுதி முடித்தார்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு முப்பது ரூபாய். எட்டரைக்குக் கம்பெனி வாசல். எங்கள் சுரங்கத்து மதில்கூட இவ்வளவு உயரமில்லை. ஸ்டெல்லா காகிதத்தோடு உள்ளே போனாள். நானும் மாயாவும் வெளியே நின்றோம்.

ஒன்பதரைக்கு மேனேஜர் வாசலுக்கு வந்தார். கையில் எங்கள் காகிதம். அதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, சூப்பர்வைசர் சொன்னாரு, நீங்கதானே ரயில்ல கூட வந்தது? இதுல மொதல்ல எழுதினது யாரு?"

அவர் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே ஸ்டெல்லாவின் பெயர் இருந்தது. தலைகீழாகவே படித்தேன்.

"கண்ணு நல்லா தெரியுது சார். படிப்புதான் இல்ல."

எனக்குப் படிக்கத் தெரியாது என்று இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

இன்னொரு சுற்றுத் திருப்பினார். பதினொரு பேரையும் வெளியே அனுப்பினால் அன்றைக்கு அந்த வரிசையில் தைக்க ஆளில்லை. சின்னக் கதவைத் திறக்கச் சொன்னார். மாயா உள்ளே போனாள். அரை மணி கழித்துக் கம்பிக் கதவுக்கு உள்ளிருந்து தன் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தையல் பக்கம் ஓடினாள்.

மத்தியான வண்டியில் தனியாகத் திரும்பினேன். மாலூர், டேக்கல், பங்காருப்பேட்டை என்று ஒவ்வொரு பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன்.