அகழிக்கு வெளியே சமையல்காரர்

லூனாஸில் எங்கள் வரிசை வீட்டுக்கு முன்னால் மழைத்தண்ணீருக்காக ஒரு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. குப்பை அடைத்து நிற்கும். ஒரு சனிக்கிழமை காலை, அதைச் சுத்தம் செய்யச் சொல்லி மனைவி மறுபடியும் கூப்பிட்டபோது, கணினியில் நான் அதைவிடப் பெரிய லோங்காங் ஒன்றை வெட்டி முடித்திருந்தேன்.

கோட்டை கட்டும் விளையாட்டு. தாடி வைத்த குட்டி மனிதர்கள் மலையைக் குடைந்து குடியிருப்பார்கள். பூதங்கள் படையெடுத்து வரும். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டி, ஆற்றிலிருந்து வாய்க்கால் இழுத்து, தண்ணீரை நிரப்பிவிட்டேன். அதன்மேல் ஒரு தூக்குப்பாலம். நெம்புகோலை இழுத்தால் பாலம் மேலே போய்விடும். அப்புறம் எந்தப் பூதம் உள்ளே வரும்?

"ஏங்க, எத்தன தடவ கூப்புடறது?"

"இத நடுவுல நிறுத்த முடியாதும்மா."

விளையாட்டை வாங்கிய நாளிலிருந்து எனக்கு இந்த ஒரே பதில்தான்.

சொல்லி வாய் மூடவில்லை, ஆற்றுக்கு அக்கரையில் பூதப்படை. நெம்புகோலை இழுக்க உத்தரவிட்டேன். சும்மா நின்ற சமையல்காரர் ஓடினார். ஓடினார், ஓடினார், பாலத்தைத் தாண்டியும் ஓடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோதித்துப் பார்க்க வசதியாக இருக்குமென்று நெம்புகோலை அகழிக்கு வெளியே நட்டுவைத்த மேதை நான்தான். அவர் இழுத்தார். கொஞ்சம் பொறுத்துப் பாலம் எழும்பியது. ஊரே உள்ளே பத்திரம். சோறாக்கிப் போட்ட மனிதர் மட்டும் வெளியே.

ஐம்பது வயது ஆள், நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்து திரையைப் பார்த்து அலறினேன்: "ஐயோ, உள்ள வாங்கண்ணே! உள்ள வாங்க லா!"

மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "யாருங்க வந்துருக்கா?"

"நம்ம சமையல்காரரு வெளிய மாட்டிக்கிட்டாரு!"

"நமக்கு ஏது சமையல்காரரு? நான்தானே ஆக்குறேன்?"

பதற்றத்தில் என் உள்ளங்கை விசைப்பலகைமேல் விழுந்தது. எல்லாம் அப்படியே நின்றன. பூதங்கள் நடு ஆற்றில் ஒரு காலைத் தூக்கியபடி. சமையல்காரர் நெம்புகோலில் வைத்த கையோடு.

மனைவி குனிந்து பார்த்தாள். "நிக்குதே."

"அது... என்னமோ தன்னால..."

"நல்லாவே நிக்குது. நீங்க லோங்காங்க அள்ளி முடிக்கிற வரைக்கும் நிக்கும். போங்க, மண்வெட்டி பின்னால இருக்கு."

வாசல் கேட்டின் ரிமோட்டை அவளே அழுத்தினாள். எங்கள் ஆட்டோ கேட் கிழடு. அழுத்தியதும் நகராது; பெருமூச்சு விட்டு, யோசித்து, அப்புறம்தான் கிளம்பும். மூடும்போதும் அதே கதைதான். லோங்காங்கில் இறங்கி நின்ற என் கண்முன்னே, மூடச்சொல்லி அழுத்திய பிறகும் அசையாமல் நின்ற அந்தக் கேட் வழியாக எதிர்வீட்டுப் பூனை நிதானமாக உள்ளே போயிற்று.

அடடா! என் பாலமும் இழுத்த உடனே எழும்புவதில்லையே!

குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டுச் சேற்றுக் காலோடு கணினிக்கு ஓடினேன். நின்ற விளையாட்டை ஓடவிட்டு, சமையல்காரரிடம் நெம்புகோலை இழுக்கச் சொன்னேன், பாலம் இறங்கியது. உடனே இன்னொரு முறை இழுத்துவிட்டு உள்ளே ஓடச் சொன்னேன். தாடி பறக்க ஓடிவந்தார் மனிதர். அவர் உள்ளே கால் வைக்கவும் பாலம் எழும்பவும் சரியாக இருந்தது. துரத்திவந்த பூதங்கள் அகழியில் தொப்புத் தொப்பென்று விழுந்தன.

"பொழச்சிட்டாரும்மா! ஓடி வந்து பாரேன்!"

அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

"வர முடியாதுங்க. சமையல நடுவுல நிறுத்த முடியாது."