பூமணியின் பந்தலில் கல் கட்டியது நான்தான்

பூமணி வீட்டுப் பந்தலில் நான் புடலங்காய் களவெடுக்கவில்லை. கல் கட்டினேன்.

பூமணி போன கிழமை இறந்துவிட்டாள். நித்திரையிலேயே... என் பக்கத்து வளவுக்காரி. அவள் கிரான் ஊரில் இருந்து கலியாணம் முடித்து வந்த நாள் முதல் எங்களுக்கு நடுவில் ஒரு கிடுகுவேலி மட்டும்தான்.

"செத்த வீட்டில் காய் பறிக்கிறா" என்று வாட்ஸ்அப்பில் என் போட்டோவை அனுப்பியவர்களுக்கு: அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். என் கையில் இருப்பது நூலும் கல்லும்.

பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் புடலங்காய் நேராக இறங்கும். வளைந்த காயை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பூமணிக்கு அது பெரிய பகிடி. "கறிச்சட்டிக்குள்ள போனா எல்லாம் துண்டுதானே கா! புடலங்காயையும் கொன்வென்டுக்கு அனுப்பிப் போட்டீங்க" என்பாள். என்றாலும் ஒரு கல்லைக்கூடக் கழற்ற மாட்டாள்.

பங்குனி பிறந்தால் அவள் கிணறு உவர்க்கும். வாவி அவ்வளவு பக்கம். என் கிணற்றில் இருந்து வேலிக்கு மேலால் ஹோஸ் போகும்.

விடிந்ததும், "தண்ணியத் திறந்து விடுங்க கா!"

இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. நானாகவே திறந்துவிடுகிறேன்.

என் கணவர் இறந்த வருடம், மாரி முடிந்து ஒழுங்கை முழுக்க விதை போட்டார்கள். நான் போடவில்லை. தாலி இல்லாதவள் கையால் போட்டால் காய்க்காது என்று என் காதுபடச் சொன்னவர்கள் இன்றும் இங்கேதான் இருக்கிறார்கள்.

பூமணி உள்ளங்கையில் விதையோடு வந்தாள்.

"என்ட பந்தலுக்கு நீங்கதான் போடணும்."

"வேணாம் பூமணி. சனம் கதைக்கும்."

"கதைக்கட்டும் கா. மறுகா அந்தச் சனமே காய் கேட்டு வரும்."

வந்தது.

அதன் பிறகு அவள் வளவில் வருடா வருடம் முதல் விதை என் கையால்தான். இந்த முறையும். ஆனால் அவள் ஒரு காய்கூடச் சமைக்கவில்லை...

சுகந்தி, நீ கனடாவில் இருந்து இதை வாசிப்பாய். முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிய அம்மாவின் வளவைத் துப்புரவாக்க ஆள் பிடித்திருப்பதாக உன் மாமா சொன்னார்.

பந்தலின் கிணற்றுப் பக்கம் ஒரு காயில் சிவப்புச் சீலைத்துண்டு கட்டியிருக்கிறது. முதலில் காய்த்தது. விதைக்கென்று உன் அம்மா கட்டி விட்டது. இன்னும் முற்றவில்லை.

பூமணி, நாளைக் காலையும் தண்ணீர் திறந்து விடுவேன். நீ படு.

சுகந்தி, அந்தக் காய் முற்றும் வரை பந்தலைப் பிரிக்காமல் விடுவாயா? விதையை நான் எடுக்கலாமா?

போனில் வேண்டாம். இப்போது எனக்குப் போனில் கதைக்க வராது. ஓமோ இல்லையோ, இந்தப் பதிவுக்குக் கீழேயே எழுது.