ஏரவாடாவில் நிறுத்திய கார்

என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் கிடந்தான். ஈரல் கெட்டுப்போயிருந்தது. இன்றோ நாளையோ என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு உடன்பிறப்பு அவன் ஒருவன்தான். மே மாதம் அது. மறுநாள் மதிய விமானத்தில் அவளை ஏற்றிவிட்டு நான் பின்னால் போவதாக ஏற்பாடு. போனில் அவன் குரல் தேய்ந்திருந்தாலும் கிண்டல் தேயவில்லை.

"மாமா பொறவு வரட்டும்க்கா. இப்ப வந்தார்னா எனக்கு மாட்டியிருக்கற மிசினையெல்லாங் கழட்டிப் பாப்பாரு."

சில நாட்களாக எங்கள் கார் சிக்னலில் நிற்கும்போது குலுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கோளாறு காட்டும் சிறு கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதைச் செருகிப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை என்றது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறி கொடுக்கக் காயில் என்ற கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. இரண்டாவதைக் கழற்றி மூன்றாவதன் இடத்திலும், மூன்றாவதை இரண்டாவதன் இடத்திலும் மாட்டவேண்டும். கோளாறும் சேர்ந்து இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி.

பயணத்தன்று காலை, புனாவின் ஔந்த் பகுதியில் எங்கள் குடியிருப்பின் நிழலில் நிறுத்தி அப்படியே மாற்றினேன். எஞ்சின் சீராக ஓடியது. மீட்டர் வைத்து அளந்தேன், அதுவும் சரி. இணைப்பில் அழுக்கு இருந்திருக்கும் என்று முடிவு செய்தேன். மனைவி டாக்சி சொல்லலாம் என்றாள். தேவையில்லை என்றேன்.

பாதுகாப்புத் துறை ஆய்வகம் ஒன்றில் மின்கருவிகளைச் சோதிப்பதே என் பணியாக இருந்தது. சூட்டுப்பெட்டியில் வைத்துப் பார்க்காத எதையும் நான் தேறியதாக எழுதியதில்லை. ஆறியிருக்கும்போது ஒழுங்காக இருக்கும் கம்பிச்சுருள் சூடேறினால் உள்ளே தொடர்பு விட்டுப்போகும் என்பது எனக்குப் புதிதல்ல. அன்று காலை அதை நினைக்காமல் இருந்தேன் என்றும் சொல்லமுடியாது. நினைத்தேன். தள்ளிவிட்டேன்.

விமான நிலையம் போகும் வழியில், ஏரவாடா நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது கார் குலுங்கத் தொடங்கியது. மீதி மூன்று சிலிண்டரில் விமான நிலையம் வரை தவழ்ந்தாவது போயிருக்கும். அதற்குப் பிறகு எது கெட்டிருந்தாலும் கெட்டிருக்கட்டும். ஆனால் நான் ஓரங்கட்டிக் கருவியைச் செருகினேன். இப்போது மூன்றாவது சிலிண்டர் என்று காட்டியது.

"புடிச்சுட்டேன்! காயில்தான்" என்றேன் அவளிடம். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த நொடியில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

"நேரமாச்சுங்க" என்றாள்.

அவள் பையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். ஒரு ஆட்டோக்காரர் தானாகவே நிறுத்தி, எங்கே போகவேண்டும் என்று இந்தியில் கேட்டார். நான் கையசைத்து அனுப்பிவிட்டேன். காயிலைப் பழைய இடத்துக்கே மாற்றினால் கோளாறு மறுபடி இரண்டாவதுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க விரும்பினேன். கண்டுபிடித்தாகிவிட்டது. அதன் பிறகும் நிரூபிக்க விரும்பினேன். கொதிக்கும் எஞ்சினில் கையை விட்டு இழுத்ததில் காயிலின் ரப்பர் கிழிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுக்கக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது அவள் தெரு முனையில் வேறொரு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. பிறகு போன் வந்தது. கவுண்டரை மூடிவிட்டார்கள், கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை என்றாள். குரலில் கோபம் இல்லை. மறுநாள் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. இருவருமாகக் கிளம்பினோம். அவன் அன்று விடியற்காலையிலேயே போய்விட்டிருந்தான்.

கோயம்புத்தூரில் தம்பி மனைவி இவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முந்தின நாள் சாயங்காலம் முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், அக்கா வந்துட்டாளா என்று நர்சிடம்கூடக் கேட்டாராம். ஏன் வரமுடியவில்லை என்று உறவினர் ஒருவர் கேட்டார்.

"புனாவுல ஒரே டிராபிக்குங்க. பிளேனை விட்டுட்டோம்" என்றாள் என் மனைவி.

கேட்டவர் என் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று தலையாட்டினேன்.